40,000 சி.டி.சி.யும் கொடைக்கானல் பாதரசமும்: ஃபேக்டரி ஆஃபரை எப்படி எடை போடுவது?

போன மாசம் நம்ம சேனலைப் பார்க்கிற ஒரு தம்பி மெயில் பண்ணியிருந்தார். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கேரட், பூண்டு விவசாயம். தம்பி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு மதுரையில் ஒரு ஆபீஸில் பேக்-எண்ட் வேலை பார்க்கிறார். இப்போ ஓசூர் பக்கம் பேட்டரி தயாரிக்கிற ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆஃபர். தர ஆய்வு லேபில் வேலை. சி.டி.சி. வருஷத்துக்கு 4,80,000, அதாவது மாசம் 40,000.

மெயிலோட கடைசி வரி இதுதான்: "அக்கா, எனக்குப் போகணும்னு ஆசை. வீட்டுல 1,80,000 நகைக்கடன் இருக்கு. ஆனா அப்பா, 'கொடைக்கானல் பாதரசக் கம்பெனி கதை தெரியும்ல?'ன்னு கேட்டுட்டு எதுவும் பேசாம போயிட்டார். நான் என்ன பண்றது?"

முதல்ல ஒரு எக்செல் ஷீட் போட்டு அனுப்பிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அப்பா கேட்ட கேள்விக்கு எக்செல்லில் காலம் கிடையாது. அதனால ரெண்டையும் சேர்த்து எழுதுறேன். முதல்ல காசு, அப்புறம் பாதரசம், கடைசியில் முடிவு.

40,000 எங்கே போச்சு?

தம்பி அனுப்பின ஆஃபர் லெட்டரில் மாசக் கணக்கு இப்படி இருந்தது:

- அடிப்படைச் சம்பளம்: 20,000
- வீட்டு வாடகைப் படி: 8,000
- சிறப்புப் படி: 4,000
- கம்பெனி கட்டுற பி.எஃப்.: 2,400
- கிராஜுட்டி ஒதுக்கீடு: 962
- குரூப் இன்ஷூரன்ஸ் பிரீமியம்: 638
- வேரியபிள் பே: 4,000

கூட்டினா 40,000 சரியா வருது. ஆனா மாசா மாசம் கணக்கில் எடுத்துக்க வேண்டியது முதல் மூணு வரி மட்டும்தான், 32,000. அதில் உங்க பங்கு பி.எஃப். 2,400, தொழில் வரி சுமார் 200, கேன்டீன் பஸ் ரெண்டுக்கும் 1,200 போனா கைக்கு வர்றது 28,200.

வேரியபிள் பே வருஷக் கடைசியில், கம்பெனியும் நீங்களும் இலக்கை எட்டினா வரும். அதை நம்பி பைக் லோன் போடாதீங்க. கிராஜுட்டி வழக்கமா அஞ்சு வருஷம் முடிச்சாத்தான் கிடைக்கும். இதே அடிப்படைச் சம்பளத்தில் அஞ்சு வருஷம்னா 20,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5-ஆல் பெருக்கணும். 57,692 ரூபாய். ரெண்டு வருஷத்தில் வேலை மாறினா அந்த 962 உங்க காசே இல்லை. ஆஃபர் 'பிக்சட் டெர்ம்'னு இருந்தா கணக்கு வேற: புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில் அவங்களுக்கு ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுட்டி உண்டு. அதனால லெட்டரில் எந்த வார்த்தை இருக்குன்னு பாருங்க.

இப்போ மதுரைச் சம்பளம். மொத்தம் 24,000, பி.எஃப். 1,800, தொழில் வரி 200 போக 22,000. ரூம் ஷேர், சாப்பாடு ரெண்டும் சேர்த்து 9,000. மிச்சம் 13,000.

ஓசூரில் ரூம் 5,500, சாப்பாடு 5,000, மாசம் ஒருதடவை ஊருக்குப் போய்வர 1,500. மொத்தம் 12,000. மிச்சம் 16,200.

பேப்பரில் 24,000-க்கும் 40,000-க்கும் இடையில் 16,000 வித்தியாசம். கையில் மிஞ்சுறதில் வித்தியாசம் 3,200. பி.எஃப். கணக்கில் ரெண்டு பங்கும் சேர்த்து 1,200 கூடுதலா சேரும். அதையும் சேர்த்தா 4,400.

நகைக்கடனைப் பாருங்க. வட்டியை இப்போதைக்கு விட்டுட்டுக் கணக்குப் போட்டா, மதுரையிலேயே இருந்தா 13,000 வீதம் சுமார் 14 மாசம். ஓசூர் போனா 16,200 வீதம் சுமார் 11 மாசம். எந்தக் கடனுக்காகப் போறாரோ அது மூணு மாசம் முன்னாடி முடியும். அவ்வளவுதான்.

இதைப் பார்த்துட்டு 'அப்போ வேண்டாம்'னு முடிவு பண்ணிடாதீங்க. ஃபேக்டரி வேலைக்கு நியாயமான பலம் இருக்கு. இந்தியாவிலேயே அதிக தொழிற்சாலைகள் இருக்கிற மாநிலம் தமிழ்நாடு. ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு ஒரு கம்பெனி விட்டா இன்னொரு கம்பெனிக்குப் போக வழி இருக்கு. கெமிஸ்ட்ரி படிச்ச பையன் தர ஆய்வு லேபில் மூணு வருஷம் இருந்தா, அந்த அனுபவத்துக்கு வெளியே விலை இருக்கு. மதுரையில் டேட்டா என்ட்ரி பண்ற மூணு வருஷத்துக்கு அந்த விலை கிடைக்காது. அதனால முதல் வருஷ 4,400-ஐ மட்டும் பார்க்காதீங்க. மூணாவது வருஷம் எங்கே நிப்பீங்கன்னு பாருங்க.

இப்போ அப்பா கேட்ட கேள்விக்கு வருவோம்.

கொடைக்கானல்ல என்ன நடந்துச்சு?

இதைப் படிக்கிற பலருக்கு 2015-ல் வைரலான சோபியா அஷ்ரஃபோட ராப் வீடியோ ஞாபகம் இருக்கலாம். கதை அதுக்கு 30 வருஷம் முன்னாடி ஆரம்பிச்சது.

1980-களின் முற்பகுதியில், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரி கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்தது. நடத்தியது பாண்ட்ஸ். 1987-ல் பாண்ட்ஸின் தாய்க் கம்பெனியை யூனிலீவர் வாங்கியது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைஞ்சது. இன்னைக்கு இந்துஸ்தான் யூனிலீவர்னு நாம சொல்றது அதைத்தான். பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், மலையில் தெர்மாமீட்டர் தயாராகும், பெரும்பாலும் வெளிநாட்டுக்கே ஏற்றுமதியாகும்.

அந்தக் காலத்துக் கொடைக்கானல் பையனா யோசிச்சுப் பாருங்க. சீசன்னா ஏப்ரல், மே. மத்த மாசம் லாட்ஜ் வேலையும் கைடு வேலையும் படுத்துடும். விவசாயம் மழையையும் வத்தலக்குண்டு மார்க்கெட் விலையையும் நம்பி நிக்கும். அப்படி ஒரு ஊரில் உலகம் முழுக்கப் பேர் தெரிஞ்ச கம்பெனி, மாசச் சம்பளம், பி.எஃப். நானா இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதில் சேர்ந்தவங்க யாரும் ஏமாளி இல்லை. அவங்களுக்குக் காட்டின கணக்கில் அது நல்ல ஆஃபர்தான்.

2001 மார்ச்சில் ஊர்மக்களும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸும் சேர்ந்து ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தாங்க. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டின கண்ணாடிக் கழிவு கிடந்தது. ஃபேக்டரிக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து போற தண்ணி கும்பக்கரை வழியா பெரியகுளம் பக்கம் சமவெளிக்கு இறங்குது. அதே மாசம் ஃபேக்டரி மூடப்பட்டது, திரும்பத் திறக்கவே இல்லை. தன் நடைமுறையை மீறிக் கழிவு விற்கப்பட்டதைக் கம்பெனியே ஒத்துக்கிட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பல் ஏறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போச்சு. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் பண்ணணும்ங்கிற தகராறு அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா நீண்டது.

கழிவுக்கு டன் கணக்கு கிடைச்சது. ஆனா உள்ளே வேலை பார்த்தவங்க உடம்புக்கு?

நரம்பு, சிறுநீரகக் கோளாறுகளுக்கு அங்கே பார்த்த வேலைதான் காரணம்னு முன்னாள் ஊழியர்கள் சொன்னாங்க. தங்கள் ஆய்வுகளில் அப்படி ஒரு பாதிப்பு தெரியலைன்னு கம்பெனி சொன்னது. 2006-ல் முன்னாள் ஊழியர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பத்து வருஷம் ஓடிச்சு. வீடியோ வந்து உலகம் முழுக்கப் பேச ஆரம்பிச்ச பிறகு, 2016 மார்ச்சில் சமரசம் வந்தது. 591 முன்னாள் ஊழியர்களுக்கும் அவங்க குடும்பங்களுக்கும் மனிதாபிமான அடிப்படையில் தொகை தரப்பட்டது. எவ்வளவுன்னு வெளியே சொல்லலை.

ஃபேக்டரி மூடி 15 வருஷம். 25 வயசில் வேலை போனவருக்குச் சமரசம் வரும்போது 40 வயசு.

ஏன் இவ்வளவு வருஷம்?

ஒரு சி.ஏ.வா என்னை நிறுத்தின இடம் இதுதான். ஆடிட்டில் நாங்க முதல்ல கேக்குறது 'வவுச்சர் எங்கே?' இங்கே வவுச்சர்னா மருத்துவப் பதிவு.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சில் போனதில் பெரும்பகுதி நுரையீரல் வழியா ரத்தத்துக்குப் போயிடும். வேலையை விட்டுட்டா ரத்தத்திலும் சிறுநீரிலும் இருக்கிற அளவு சில மாசத்தில் வெகுவா குறைஞ்சிடும். ஆனா அது நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்கனவே செய்த கெடுதல் நின்னுடலாம். அஞ்சு வருஷம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா ரிப்போர்ட் நார்மல்னு வரலாம், கை மட்டும் நடுங்கும். அப்போ 'இது அந்த வேலையால வந்தது'ன்னு எதை வெச்சு நிரூபிப்பீங்க? வேலையில் இருந்த காலத்தில் எடுத்த டெஸ்ட் பேப்பர் உங்க கையில் இருந்தாத்தான் உண்டு.

தம்பிக்கு வந்திருக்கிற ஆஃபரில் பாதரசம் இல்லை. பேட்டரின்னா பெரும்பாலும் ஈயம், ஆசிட். ஆனா ஈயத்துக்கும் இதே சிக்கல்தான். ரத்தத்தில் அளவு இறங்கிடும், எலும்பில் வருஷக்கணக்கா தங்கும்.

சட்டம் இதை எப்பவோ யோசிச்சிருக்கு. 1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே சேர்த்தாங்க. ஆபத்தான செயல்முறையில் வேலை பார்க்கிறவங்களுக்கு அங்கே அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பரிசோதனை, வேலையில் இருக்கும்போதும் விட்ட பிறகும் 12 மாசத்துக்கு மிகாத இடைவெளியில் பரிசோதனை. அந்தப் பதிவைத் தொழிலாளி பார்க்கலாம். என்ன பொருளைக் கையாள்றாங்க, அதில் என்ன ஆபத்துன்னு சொல்ல வேண்டியது நிர்வாகத்தோட கடமை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் இந்தப் பொறுப்புகள் தொடருது. கூடவே, நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம்.

அதனால இந்தப் பேப்பர்களைக் கேட்க நீங்க தயங்க வேண்டியதில்லை. சலுகை கேக்கலை, சட்டத்தில் இருக்கிறதைக் கேக்குறீங்க.

உடம்புக்கு ஏதாவது ஆனா யார் தருவாங்க?

இதை ஆஃபர் லெட்டரில் யாரும் எழுத மாட்டாங்க. நீங்களே கணக்குப் போடணும்.

மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ. உண்டு. உங்க பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. வேலையால வர்ற நோய்க்குச் சிகிச்சையும், நிரந்தர ஊனம்னா மாதாமாதம் தொகையும் இ.எஸ்.ஐ. வழியா வரும். நிறைய பேர் 'இ.எஸ்.ஐ. பிடித்தம் போச்சு, ஜாலி'ன்னு சொல்றாங்க. அபாயமான பிரிவில் வேலை பார்க்கிறவருக்கு அது ஜாலியான விஷயம் இல்லை.

தம்பிக்கு 32,000. இ.எஸ்.ஐ.க்கு வெளியே. அப்போ 1923-ல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்குதான். அது இப்போ சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள்ள வந்திருக்கு, கணக்கின் அடிப்படை மாறலை. முழு நிரந்தர ஊனத்துக்கு மாசச் சம்பளத்தில் 60%-ஐ வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால் பெருக்கணும். சம்பளம் எவ்வளவா இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கிற உச்சவரம்பு 15,000. 25 வயசுக்கு அந்த எண் 216.91. ஆக, 9,000 × 216.91 = 19,52,190.

கேக்கப் பெரிய தொகை மாதிரி இருக்கும். தம்பி கைக்கு வர்ற 28,200-ஆல் வகுத்துப் பாருங்க. 70 மாசத்துக்குக் கூட வராது. ஆறு வருஷத்துக்கும் குறைவான சம்பளம், அதுவும் வேலையே செய்ய முடியாத உடம்புக்கு.

இன்னொரு விஷயம், கடிகாரம். வேலையை விட்டு ரெண்டு வருஷத்துக்குள்ள நோயின் அறிகுறி தெரிஞ்சா, தெரிஞ்ச நாளிலிருந்து கணக்கு ஓடும்னு அந்தச் சட்டம் சொல்லுது. அதுக்கப்புறம் தெரிஞ்சா வழி ரொம்பக் கஷ்டம். கொடைக்கானல் கணக்கை இதோட பொருத்திப் பாருங்க: மூடினது 2001, நீதிமன்றம் 2006.

கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் வேலையை விட்ட அன்னைக்கே முடிஞ்சிடும். அதனால சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, உடம்பு நல்லா இருக்கும்போதே, முடிஞ்சா சேர்றதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூணு வருஷம். நோய் வந்தப்புறம் எடுக்கப் போனா அந்த மூணு வருஷம்தான் உங்களை அடிக்கும்.

கையெழுத்துக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். ஹெச்.ஆர்.கிட்ட போனில் கேக்காதீங்க, மெயிலில் கேளுங்க. பதிலும் மெயிலில் இருக்கணும்.

1. நான் யாரோட ஆள்? நியமனக் கடிதம் கம்பெனி பேரிலா, கான்ட்ராக்டர் பேரிலா? நாளைக்கு ஏதாவது ஆனா யார் மேல கேஸ் போடணும்ங்கிறது இதில் இருக்கு.

2. நான் கையாளப்போற பொருள் என்னென்ன? ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. அதைக் கேளுங்க. 'அதெல்லாம் ஒண்ணும் பயமில்ல தம்பி'ங்கிறது பதில் இல்லை.

3. சேர்றதுக்கு முன்னாடி எடுக்கிற மருத்துவப் பரிசோதனையில் அந்தப் பொருளுக்கான டெஸ்ட் இருக்கா? ஈயம்னா ரத்தத்தில் ஈய அளவு. வெறும் பி.பி., எடை, கண் டெஸ்ட் போதாது. நீங்க உள்ளே போகும்போது எப்படி இருந்தீங்கன்னு காட்ட இது ஒண்ணுதான் ஆதாரம்.

4. ஒவ்வொரு ரிப்போர்ட்டோட காப்பியும் என் கையில் தருவீங்களா? ஃபைலில் இருக்குங்கிறது போதாது. ஃபேக்டரி மூடினா ஃபைலும் உள்ளே மாட்டிக்கும்.

5. வெளியே வர எவ்வளவு செலவாகும்? நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, பாண்ட் இருக்கா, டிரெய்னிங் செலவைத் திரும்பக் கேப்பாங்களா? உடம்புக்கு ஒத்துக்கலைன்னு தெரிஞ்ச அன்னைக்குக் கிளம்ப முடியணும்.

ஆறாவதா ஒண்ணு ஹெச்.ஆர்.கிட்ட கேக்க வேண்டாம், நீங்களே தேடிப் பாருங்க: இந்தப் பொருளுக்கு இன்னும் பத்து வருஷம் மார்க்கெட் இருக்கா? 2013 மினமாட்டா உடன்படிக்கைப்படி பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்புக்கு உலக நாடுகள் 2020-ஐக் கெடுவாக வெச்சாங்க. கொடைக்கானல் ஃபேக்டரி மூடாம இருந்திருந்தாலும் அந்தப் பொருளே போயிருக்கும்.

எப்போ வேண்டாம்னு சொல்லணும்?

ரெண்டாவது, நாலாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வரலைன்னா வேண்டாம். அந்த ரெண்டுக்கும் நான் சம்பளத்தைக் கூட்டிக் கேக்கச் சொல்ல மாட்டேன். மாசம் 2,000 ஏத்தித் தர்றாங்கன்னா, உங்க பதிவுக்கு அவங்க போடுற விலை 2,000-ன்னு அர்த்தம். மத்த மூணிலும் பேரம் பேசலாம்.

'அக்கா, எனக்கு வேற வேலையே இல்லை, சேர்ந்தே ஆகணும்'னு நிறைய பேர் இருப்பீங்க. உங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்போ இதையாவது பண்ணுங்க. சேர்றதுக்கு முந்தின வாரம் சொந்தக் காசில் ஒரு டெஸ்ட் எடுத்து வெச்சுக்கோங்க. வருஷம் ஒருதடவை அதே டெஸ்ட். எந்தப் பிரிவில் எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரைன்னு ஒரு நோட்டில் எழுதுங்க. பே-ஸ்லிப், ஐ.டி. கார்டு, ஷிப்ட் மாத்தின மெயில் எல்லாத்தையும் சொந்த மெயிலில் சேமிங்க, ஆபீஸ் மெயிலில் இல்லை. பி.எஃப். பாஸ்புக்கும் ஒரு ஆதாரம்தான். எந்தக் கம்பெனியில் எத்தனை மாசம் இருந்தீங்கன்னு அது சொல்லும்.

தம்பி அஞ்சு கேள்வியையும் அனுப்பினார். நாலு நாளில் பதில் வந்தது. லெட்டர் கம்பெனி பேரில்தான். தகவல் தாள்கள் இணைப்பிலேயே இருந்தது. சேரும்போது ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பாங்க, ரிப்போர்ட் காப்பி தருவாங்க. பாண்ட் மட்டும் ஒரு வருஷம், 50,000. அதைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கார். நானும் 'உடல்நலக் காரணத்துக்கு விலகினா பாண்ட் கிடையாதுன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க'ன்னு சொல்லியிருக்கேன்.

அந்த மெயிலை பிரின்ட் எடுத்து அப்பாகிட்ட காட்டினாராம். அப்பா ரெண்டு தடவை படிச்சிட்டு, "இதை பீரோவுல, பத்திரத்தோட வை"ன்னாராம்.

அந்த வரி லெட்டரில் சேர்ந்தா ஒண்ணாம் தேதி ஓசூர். சேரலைன்னா இன்னும் மூணு மாசம் மதுரை. நகைக்கடன் அதுக்குள்ள ஓடிப்போயிடாது.